சீட்டில் மூன்று டி.பி.: எலக்ட்ரீஷியன் ஏமாற்றுகிறாரா?

தென்காசி மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். வயது 62. சத்துணவு அமைப்பாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் காலமாகிவிட்டார். வீடு 1992-இல் கட்டியது. சுவரில் மரப்பட்டி அடித்து, அதன்மேல் வயர் ஓட்டிய அந்தக் காலத்து வேலை. தை மாதம் மகள் தலைப்பிரசவத்துக்கு வருகிறாள். அதற்குள் பழைய வயரிங்கை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டு, ஒரு அறைக்கு ஒன்றரை டன் ஏ.சி., குளியலறைக்கு ஹீட்டர், சமையலறைக்கு இண்டக்‌ஷன் அடுப்பு எல்லாம் வைக்க நினைக்கிறார். ஒரு குதிரைத்திறன் போர் மோட்டாரும் இருக்கிறது. இணைப்பையும் மூன்று பேஸாக மாற்றப் போகிறார்.

வேலையை ஏற்றிருப்பவர் ஊர்க்காரத் தம்பி. கணவர் இருந்த காலத்திலிருந்தே வீட்டுக்கு வந்து போகிறவர். அவர் எழுதிக் கொடுத்த சீட்டில் இப்படி இருக்கிறது: டி.பி. 1. டி.பி. 40 - 1. டி.பி. 20 - 2. எஸ்.பி. 10, 16 - மொத்தம் 9. வயர் 7/20, 3/20, 1/18. பாயின்ட் 46. எர்த் பழசு.

சென்னையில் இருக்கும் அண்ணன் மகனுக்கு இந்தச் சீட்டைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறார். "ஒரே டி.பி.யை மூன்று இடத்தில் மூன்று விலைக்கு எழுதியிருக்கிறான். 7/20 என்று ஒரு வயரே இப்போது கிடையாது. மூன்று பேஸ் போட்டால் பில்லும் மூன்று மடங்கு வரும். ஆளை மாற்றுங்கள் அத்தை" என்று அவர் சொல்லிவிட்டார். எலக்ட்ரீஷியனோ, "ஈ.எல்.சி.பி. (மின்கசிவு வந்தால் துண்டிக்கும் கருவி) நமக்கு வேண்டாம், மழைக்காலத்தில் தொல்லை, ஷாக் அடித்தால் எம்.சி.பி.யே (கரண்ட் அளவு மீறினால் துண்டிக்கும் சுவிட்ச்) கட் பண்ணிவிடும். மெயினில் பெரிய ஆம்பியராகப் போட்டுத் தருகிறேன், டிரிப் ஆகவே ஆகாது" என்கிறார். அதைக் கேட்டு அம்மாவுக்கு நிம்மதி. ஆளை மாற்ற வேண்டுமா என்றும் கேட்கிறார். 'முப்பது வருஷம் அரிசி, பருப்பு, எண்ணெய்க்குக் கணக்கு எழுதியவள் நான். இந்த ஒரு சீட்டு எனக்குப் புரியவில்லை. கேட்டால் தம்பி மனம் நோகுமோ என்று கேட்கவும் தயக்கமாக இருக்கிறது' என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள அம்மா,

சீட்டை நான்கைந்து முறை படித்துப் பார்த்தேன். உங்களை ஏமாற்றும் எண்ணத்தோடு எழுதிய சீட்டாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் இரண்டு இடங்களில் உங்கள் தம்பி தவறான முடிவு எடுக்கிறார். நீங்கள் சந்தேகப்பட்ட இடம் சரியாக இருக்கிறது. உங்களுக்கு நிம்மதி தந்த இடத்தில்தான் ஆபத்து. அதனால் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

மூன்று டி.பி.யும் மூன்று பொருள்கள்

முதல் வரியில் இருப்பது டிஸ்ட்ரிபியூஷன் போர்டு. மெயினிலிருந்து வரும் கரண்டை அறை அறையாகப் பிரித்து அனுப்பும் பெட்டி. இரண்டாவது, டிரிபிள் போல். மூன்று பேஸ் வயர்களையும் ஒரே நேரத்தில் துண்டிக்கும் சுவிட்ச். மூன்றாவது, டபுள் போல். பேஸ் (கரண்ட் வரும் வயர்), நியூட்ரல் (அது திரும்பும் வயர்) என்று இரண்டு வயர்களைச் சேர்த்துத் துண்டிப்பது. 'போல்' என்றால், அந்த சுவிட்ச் எத்தனை வயரைத் துண்டிக்கிறது என்ற எண்ணிக்கை, அவ்வளவுதான். ஒரு வயரை மட்டும் துண்டிப்பது சிங்கிள் போல், அதுதான் சீட்டில் இருக்கும் எஸ்.பி. என்பது. மூன்று பேஸ், நியூட்ரல் என நான்கு வயர்களையும் துண்டிப்பதை ஃபோர் போல், எஃப்.பி. என்பார்கள்.

ஆங்கிலத்தில் இந்த மூன்றுக்கும் எழுத்து வேறு வேறு. தமிழில் எழுதும்போது மூன்றும் 'டி.பி.' ஆகிவிடுகின்றன, ஏனென்றால் அந்த ஒலிகளைப் பிரித்துக் காட்ட நம்மிடம் தனி எழுத்து இல்லை. கடைக்காரரே, "அண்ணே, பெட்டியா, சுவிட்சா?" என்று திருப்பிக் கேட்டுத்தான் எடுத்துத் தருவார். உங்கள் அண்ணன் மகன் குழம்பியதில் ஆச்சரியம் இல்லை.

பிரித்தறிய எளிய வழி, பக்கத்தில் இருக்கும் எண். 40, 20 என்று எண் இருந்தால் அது சுவிட்ச், எண் அதன் ஆம்பியர். பெட்டிக்கு ஆம்பியர் எழுத மாட்டார்கள், 'இத்தனை வே' என்று எழுதுவார்கள். எத்தனை சுவிட்ச் அதற்குள் உட்காரும் என்ற கணக்கு அது. இதிலும் ஒரு சின்ன விஷயம்: மூன்று பேஸ் பெட்டியில் '4 வே' என்றால் ஒரு பேஸுக்கு நான்கு, ஆக மொத்தம் பன்னிரண்டு எஸ்.பி. உட்காரும். சீட்டில் எத்தனை வே என்று எழுதவில்லை. அதை எழுதி வாங்குங்கள். இரண்டு மூன்று இடம் காலியாக இருப்பது நல்லது. நாளைக்கு மாடியில் ஒரு அறை எடுத்தால் பெட்டியை மாற்ற வேண்டியிருக்காது.

20 ஆம்பியர் டபுள் போல் இரண்டு என்பது ஏ.சி.க்கும் ஹீட்டருக்கும். அது சரியான தேர்வு. தண்ணீரோடு சம்பந்தப்பட்ட ஹீட்டரில் பேஸோடு நியூட்ரலையும் துண்டிப்பது நல்ல வழக்கம்.

7/20 என்பது தேதி மாதிரி தெரிந்தாலும் கணக்குதான்

அந்த வயர் இப்போது கிடையாது என்று உங்கள் அண்ணன் மகன் சொன்னது பாதி உண்மை. பொருள் இருக்கிறது, பெயர்தான் பழையது.

கோட்டுக்கு முன்னால் இருப்பது, வயருக்குள் எத்தனை கம்பி இழை என்ற எண். பின்னால் இருப்பது, ஒவ்வொரு இழையின் கனத்தைச் சொல்லும் கேஜ் எண். 1884-இல் பிரிட்டனில் சட்ட அளவாக வந்த கம்பி கேஜ் அது. அதில் எண் பெரிதானால் கம்பி மெலிது. கம்பியைத் துளை வழியாக இழுத்து இழுத்து மெலிதாக்குவார்கள், எத்தனை முறை இழுத்தார்களோ அந்த அளவுக்கு எண் கூடும் என்று வந்த முறை. அதனால் 20-ஆம் நம்பர் கம்பி, 18-ஆம் நம்பரை விட மெல்லியது. 7/20 என்றால் 20-ஆம் நம்பர் கம்பி ஏழு இழை.

நாம் மெட்ரிக் அளவுக்கு மாறிப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. கடையில் இன்று 1, 1.5, 2.5, 4, 6 என்று சதுர மில்லிமீட்டரில்தான் விற்கிறார்கள். ஆனால் தொழிலைக் குருவிடம் கேட்டுக் கற்றவர்கள் வாயில் பழைய எண்ணே நிற்கிறது. உங்கள் தம்பிக்குக் கற்றுக் கொடுத்தவர் அப்படிச் சொல்லியிருப்பார்.

கணக்குப் போட்டால் 1/18 என்பது சுமார் 1.2 சதுர மில்லிமீட்டர். 7/20 சுமார் 4.6. அதைக் கேட்டால் கடையில் 4 தருவார்கள், அதில் குழப்பம் குறைவு. சிக்கல் 3/20-இல் இருக்கிறது. அதன் அளவு ஏறக்குறைய 2. இன்றைய அளவில் 1.5-க்கும் 2.5-க்கும் நடுவில் வந்து நிற்கிறது. ஒருவர் அதற்கு 2.5 வாங்குவார், இன்னொருவர் 1.5 வாங்குவார், இருவரும் "3/20 போட்டேன்" என்பார்கள். 16 ஆம்பியர் பிளக்குக்கு 1.5 ஓட்டிவிட்டால், இண்டக்‌ஷன் அடுப்போடு வேறு பெரிய சாதனமும் அதே வயரில் ஓடும்போது சுவருக்குள் வயர் சூடாகும். வெளியே ஒன்றும் தெரியாது.

அதனால் தம்பியிடம் பழைய எண்ணுக்குப் பக்கத்திலேயே புதிய அளவையும் எழுதச் சொல்லுங்கள்: லைட், ஃபேனுக்கு 1.5. சமையலறை, 16 ஆம்பியர் பிளக்குகளுக்கு 2.5. ஏ.சி., ஹீட்டருக்கு 4. எல்லாம் செம்பு, ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு. இந்த எண்கள் வயரின் கனம் என்று பலர் நினைக்கிறார்கள். இவை வெட்டுப் பரப்பு. 2.5 வயரின் செம்பைச் சேர்த்துப் பார்த்தால் குறுக்களவு 1.8 மில்லிமீட்டர்தான் இருக்கும். ஸ்கேல் வைத்து அளந்துவிட்டு, 'குறைத்துக் கொடுத்துவிட்டான்' என்று சண்டைக்குப் போக வேண்டாம். வயர் மேலேயே அளவு அச்சாகியிருக்கும், அதைப் படித்தால் போதும். 90 மீட்டர் சுருளாக வரும். பிரிக்காத சுருளை நீங்கள் ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று, 5 ஆம்பியர், 15 ஆம்பியர் பிளக் என்று தம்பி சொல்வார். கடையில் கொடுக்கும் பெட்டியில் 6, 16 என்று இருக்கும். இரண்டும் ஒன்றுதான்.

பெரிய ஆம்பியர் போட்டால் நல்லதா?

"டிரிப் ஆகவே ஆகாது" என்று தம்பி சொன்னதில் உங்களுக்கு நிம்மதி வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். இந்த இடத்தில்தான் நான் உங்களைத் திருத்த வேண்டும்.

எம்.சி.பி. என்பது சீட்டில் சுவிட்ச் என்று மேலே நான் சொன்னதுதான், பழைய பீங்கான் ஃபியூஸுக்குப் பதிலாக வந்தது. அதன் வேலை வயரைக் காப்பாற்றுவது. வயர் தாங்குகிற அளவைத் தாண்டி கரண்ட் போனால் விழ வேண்டும், அதாவது தானாகத் துண்டிக்க வேண்டும். தாங்கும் அளவை விடப் பெரிய எம்.சி.பி. போட்டால், அது விழுவதற்கு முன்னால் வயர் வெந்துவிடும். ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று செம்புக் கம்பியைத் தடிமனாகச் சுற்றி வைக்கிற பழக்கம் நம் ஊர்களில் இருந்தது, நினைவிருக்கும். பெரிய எம்.சி.பி. போடுவது அதே காரியம்தான், பார்க்க மட்டும் புதுசு.

பொதுவான பொருத்தம் இது: 1.5 வயருக்கு 6 அல்லது 10 ஆம்பியர், 2.5-க்கு 16, 4-க்கு 20 அல்லது 25, 6-க்கு 32. சீட்டில் எஸ்.பி. 10, 16 என்றும், ஏ.சி.க்கு 20 என்றும் இருப்பது இதோடு பொருந்துகிறது. பொருந்தாதது மெயினில் உள்ள 40. மெயினுக்கு எந்த வயர் என்று சீட்டில் எழுதவே இல்லை. 7/20-ஐயே அதற்கும் ஓட்டுவதாக இருந்தால் 40 கூடவே கூடாது.

அப்படி 40 தேவையும் இல்லை. ஏ.சி. சுமார் 1.6 கிலோவாட், ஹீட்டர் 2, அடுப்பு 2, மோட்டார் 1 சொச்சம், விளக்கும் ஃபேனும் முக்கால். எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினாலும் ஏழரை கிலோவாட்டுக்குள் நிற்கும். மூன்று பேஸுக்கும் சமமாகப் பிரித்தால் ஒரு பேஸுக்கு 11 ஆம்பியர்தான் வரும். சமமாகப் பிரியாமல் போனாலும், 6 சதுர மில்லிமீட்டர் வயரும் 32 ஆம்பியர் மெயினும் உங்கள் வீட்டுக்குத் தாராளம். அந்த மெயினை டிரிபிள் போலுக்குப் பதில் ஃபோர் போலாகக் கேளுங்கள். நியூட்ரலும் சேர்ந்து துண்டிக்கப்படும், வேலை செய்ய வருகிறவர்களுக்குப் பாதுகாப்பு.

ஈ.எல்.சி.பி. வேண்டாம் என்பதை ஏற்காதீர்கள்

கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது இந்த வரி. ஷாக் அடித்தால் எம்.சி.பி. கட் பண்ணிவிடும் என்று தம்பி சொல்கிறார். பண்ணாது அம்மா.

ஒரு சின்னக் கணக்கு. நம் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். ஒரு மனித உடம்பின் தடை, தோல் ஈரமாக இருக்கிறதா என்பதைப் பொறுத்து மாறும், சுமார் 1,500 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் உடம்பு வழியாகப் பாய்வது 0.15 ஆம்பியர். சாதாரண சீலிங் ஃபேன் எடுப்பது 0.3 ஆம்பியர். அதாவது ஒரு ஆளைக் கொல்லப் போதுமான கரண்ட், ஒரு ஃபேன் ஓடும் கரண்டில் பாதி. 10 ஆம்பியர் வரை சும்மா இருக்க வேண்டிய எம்.சி.பி.க்கு அது கண்ணிலேயே படாது.

மனிதரைக் காப்பாற்றுகிற கருவி வேறு. பேஸில் போகும் கரண்டும் நியூட்ரலில் திரும்பி வரும் கரண்டும் சமமாக இருக்கிறதா என்று அது ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். போனதில் ஒரு பங்கு திரும்பி வராமல் எங்கேயோ, ஒருவர் உடம்பு வழியாகவோ ஈரச்சுவர் வழியாகவோ, தரைக்குள் இறங்கினால் கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். வீட்டுக்கு வேண்டியது 30 மில்லி ஆம்பியர், அதாவது 0.03 ஆம்பியர் கசிவிலேயே விழுகிற கருவி. மத்திய மின்சார ஆணையத்தின் 2023 பாதுகாப்பு விதிகளும் வீடுகளுக்கு இந்த அளவையே சொல்கின்றன.

இதன் பெயரில்தான் பெரிய குழப்பம். கடைக்காரர் ஆர்.சி.சி.பி. என்பார். மின்வாரியம் ஒட்டும் நோட்டீஸில் ஆர்.சி.டி. என்று இருக்கும். பழைய ஆட்கள் ஈ.எல்.சி.பி. என்பார்கள். அந்தப் பெயரில் முன்பு வந்த கருவி வேறு விதமானது, எர்த் வயரில் ஏறும் மின்னழுத்தத்தைப் பார்த்து விழுவது. அது போய்விட்டது, பெயர் மட்டும் புதிய கருவிக்கு ஒட்டிக்கொண்டது. ஆர்.சி.பி.ஓ. என்று ஒன்று விற்கிறது. அதில் எம்.சி.பி.யின் வேலையும் சேர்ந்திருக்கும். வெறும் ஆர்.சி.சி.பி.க்கு அந்த வேலை தெரியாது, அதனால் அதோடு எம்.சி.பி.யும் கட்டாயம் வேண்டும். ஐசொலேட்டர் என்று ஒன்று சொல்வார்கள். அது கையால் போட்டு நிறுத்தும் சுவிட்ச் மட்டுமே, தானாக எதற்கும் விழாது. மூன்றும் பெட்டிக்குள் ஒரே மாதிரி இருக்கும். அடையாளம் சொல்கிறேன்: 'டெஸ்ட்' என்ற சின்ன பட்டனும், 30 மில்லி ஆம்பியர் அல்லது 0.03 என்ற அச்சும் இருந்தால் அதுதான் உயிர் காக்கும் கருவி.

மழைக்காலத்தில் தொல்லை தரும் என்று தம்பி சொன்னது அவர் அனுபவத்தில் பார்த்ததாகவே இருக்கும். பழைய வயர் ஓடும் வீட்டில் இதை மாட்டினால் விழுந்துகொண்டே இருக்கும். ஈரம் ஏறிய சுவிட்ச் போர்டு, தோல் வெடித்த வயர், எங்கேயோ எர்த்தோடு தொட்டுக்கொண்டிருக்கும் நியூட்ரல் என்று காரணம் ஏதாவது இருக்கும். அது விழுவதே அந்தக் கசிவைக் காட்டத்தான். உங்கள் வீட்டில் வயரிங் முழுவதும் புதிது. ஒழுங்காகப் போட்டால் மழைக்கு விழக் காரணமே இல்லை.

மூன்று பேஸுக்கும் சேர்த்து ஒரே கருவி போட்டால், மோட்டாரில் கசிவு வந்தாலும் வீடு முழுக்க இருட்டாகும். கைக்குழந்தை இருக்கப் போகிற வீடு. ஒவ்வொரு பேஸுக்கும் தனித்தனியாகப் போடச் சொல்லுங்கள். செலவு கூடும், ஆனால் ஒன்று விழுந்தாலும் மற்ற அறைகளில் வெளிச்சம் இருக்கும். இதற்கென்றே அமைந்த பெட்டிகள் விற்கின்றன, அதனால் பெட்டி வாங்கும் முன்பே இதை முடிவு செய்ய வேண்டும். சீட்டின் முதல் வரியே இதனால் மாறும்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒருவர் ஒரு கையில் பேஸையும் மறு கையில் நியூட்ரலையும் பிடித்தால், போன கரண்ட் முழுதாகத் திரும்பி வந்துவிடும், அப்போது இந்தக் கருவி விழாது. எல்லா ஆபத்துக்கும் இது மருந்து இல்லை. ஆனால் வீட்டில் நடக்கிற மின்விபத்துகளில் பெரும்பாலானவை, ஹீட்டர் குழாயிலோ கிரைண்டர் உடம்பிலோ துணி காயும் கம்பியிலோ கசிந்து, காலின் வழியே தரைக்குப் போகிறவை. அவற்றுக்கு இதைப் போல் வேறு காவல் கிடையாது.

மாதம் ஒருமுறை டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். விழுந்ததும், அந்தப் பகுதியில் விளக்கும் ஃபேனும் நின்றனவா என்று பாருங்கள். ஏன் சொல்கிறேன் என்றால், வருடங்களுக்கு முன் கடலோர ஊர் ஒன்றில் ஒரு வீட்டைச் சோதிக்கப் போனேன். பட்டனை அழுத்தினேன், டக்கென்று விழுந்தது. ஹாலில் ஃபேன் ஓடிக்கொண்டே இருந்தது. அடிக்கடி விழுகிறது என்று யாரோ ஒருவர் கருவியைச் சுற்றி நேரடியாக வயர் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அந்த வீட்டுக்காரர்கள் ஐந்து வருடம், பாதுகாப்பு இருக்கிறது என்று நம்பி வாழ்ந்திருக்கிறார்கள்.

மூன்று பேஸ் பற்றி

பில் மூன்று மடங்கு வராது. யூனிட் என்பது ஒரு கிலோவாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஆகும் அளவு. அது ஒரு பேஸ் வழியாக வந்தாலும் மூன்று வழியாக வந்தாலும் ஒரே கணக்குதான். வீட்டு இணைப்புக்கு உள்ள இலவச யூனிட் சலுகையும் தொடரும். இணைப்பை மாற்றும்போது ஒருமுறை கட்டும் கட்டணமும் வைப்புத்தொகையும் கூடும், அதை மட்டும் உங்கள் பிரிவு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தில் 'மின் பளு' என்று கேட்பார்கள். நீங்கள் பயன்படுத்தும் யூனிட்டை அதில் எழுதக் கூடாது. ஒரே நேரத்தில் ஓடக்கூடிய சாதனங்களின் கிலோவாட் கூட்டுத்தொகை அது. மேலே நான் போட்ட ஏழரையை ஒட்டி எழுதினால் சரியாக இருக்கும்.

மூன்று பேஸ் வீட்டில் கவனம் வேண்டிய இடம் நியூட்ரல். அது மட்டும் எங்காவது கழன்றுவிட்டால், லோடு குறைவான பேஸில் மின்னழுத்தம் 400 வோல்ட்டை நோக்கி ஏறிவிடும். 'நியூட்ரல் கட் ஆகி டி.வி. போச்சு, ஃபிரிட்ஜ் போச்சு' என்று ஊரில் கேட்டிருப்பீர்கள். அது இதுதான். மெயினில் நியூட்ரல் முனையை நன்றாக முறுக்கி இறுக்கியிருக்கிறாரா என்று கடைசி நாளில் கேளுங்கள்.

எர்த், பாயின்ட்

'எர்த் பழசு' என்பதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். முப்பது வருடம் மண்ணில் கிடந்த இரும்புக் குழாய் எந்த நிலையில் இருக்கிறதோ. எர்த் மீட்டர் வைத்து அளந்து பார்த்து, நன்றாக இருந்தால் வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் புதிது. இரண்டரை மீட்டர் குழாய், கரி, உப்பு என்ற பழைய முறையே உங்கள் ஊர் மண்ணுக்குப் போதும். 'கெமிக்கல் எர்த்' என்று யாராவது பெரிய விலை சொன்னால் மயங்க வேண்டாம். அது ஈரத்தைப் பிடித்து வைக்கும் ஒரு பொடியைக் குழாயைச் சுற்றி நிரப்புவது. வறண்ட பாறை நிலத்தில் பயன்படும்.

பாயின்ட் 46 என்பது கூலிக் கணக்கு. வயரிங் வேலையில் சண்டை அதிகம் வருவது பெரும்பாலும் இதில்தான். லைட் ஒரு பாயின்ட், ஃபேன் ஒரு பாயின்ட் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சுவிட்ச் போர்டிலேயே இருக்கும் பிளக் தனிப் பாயின்டா, பாதியா, கணக்கிலேயே வராதா என்பது ஆளுக்கு ஆள் மாறும். மாடிப்படி விளக்கை மேலும் கீழும் போட்டு அணைக்கும் டூ-வே சிலருக்கு ஒன்று, சிலருக்கு இரண்டு. சுவர் வெட்டுவதும் பூசுவதும் இந்தக் கூலிக்குள் அடக்கமா என்பதையும் கேளுங்கள். நீங்கள் மளிகைக் கணக்கு எழுதிய அதே நோட்டில், அறை அறையாகப் பாயின்டுகளை எழுதித் தம்பியோடு உட்கார்ந்து எண்ணிவிடுங்கள். இதில் உங்களுக்கு என் உதவி தேவைப்படாது.

உங்கள் உரிமை, உங்கள் பயம்

வீட்டு வயரிங்கை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் மூலம், தகுதிச் சான்றிதழ் உள்ளவரின் மேற்பார்வையில் செய்ய வேண்டும் என்பது விதி. தமிழ்நாட்டில் மின்கம்பியாள் உதவியாளர், மின்கம்பியாள், மேற்பார்வையாளர் என்று தனித்தனிச் சான்றிதழ்கள் இருக்கின்றன. தம்பியிடம் எது இருக்கிறது என்று கேட்பது அவமதிப்பு ஆகாது. அவரிடம் இல்லையென்றால், வேலையை அவர் செய்யட்டும், சான்றிதழ் உள்ள ஒருவர் பார்த்துக் கையெழுத்திடட்டும். கடைசியில் 'மெகர் அடிக்க' வேண்டும். 500 வோல்ட் கொடுத்து வயரின் மேல்தோல் கசிகிறதா என்று பார்க்கும் சோதனை. ஒரு மெகா ஓமுக்குக் கீழே வந்தால் வேலையில் கோளாறு இருக்கிறது என்று பொருள். அந்த அளவுகளை எழுதி வாங்கி வையுங்கள்.

பொருளுக்கு ஜி.எஸ்.டி. பில், கூலிக்குக் கையெழுத்திட்ட ரசீது. இவை இருந்தால், வேலை கெட்டுப்போய் பேசியும் தீராதபோது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு வருடத்துக்குள் மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பார்க்கலாம். அந்த நிலை வராது என்றே நினைக்கிறேன்.

ஆளை மாற்ற வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வயருக்கும் எஸ்.பி.க்கும் அவர் போட்டிருக்கும் பொருத்தம், வேலை தெரிந்தவர் என்று காட்டுகிறது. பழைய ஆட்களிடம் கற்றதில் சில பிழைகளையும் சேர்த்துக் கற்றிருக்கிறார். ஆனால் ஈ.எல்.சி.பி. மாட்ட மாட்டேன் என்று அவர் பிடிவாதமாக நின்றால், அப்போது வேறு ஆளைப் பாருங்கள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் முகதாட்சண்யம் பார்க்க வேண்டாம்.

எப்படிக் கேட்பது என்பதுதான் உங்கள் தயக்கம். "இது என்ன?" என்று கேட்டால், "அதுதாம்மா டி.பி." என்று பெயரையே திருப்பிச் சொல்வார். "தம்பி, இது எதுக்கு விழும்? விழுந்தா வீட்டுல எதெல்லாம் நிக்கும்?" என்று கேளுங்கள். தொழில் தெரிந்தவருக்கு இந்தக் கேள்வி பிடிக்கும், கையில் எடுத்துக் காட்டியே சொல்வார். "பிள்ளை பிறந்து வர்ற வீடுப்பா, எனக்குத் தெரிஞ்சா ராத்திரி பயமில்லாம இருப்பேன்" என்று காரணத்தையும் சொல்லிவிடுங்கள். கோபப்பட அதில் ஒன்றும் இல்லை.

பூச்சு வேலைக்கு முன்னால், பைப் ஓடும் ஒவ்வொரு சுவரையும் செல்போனில் படம் எடுத்து வையுங்கள், பின்னால் ஆணி அடிக்கும்போது வேண்டியிருக்கும். வேலை முடிந்த அன்று பெட்டியைத் திறந்து வைத்து, தம்பி ஒவ்வொரு சுவிட்சாக இறக்கட்டும். எந்த அறை அணைகிறது என்று நீங்கள் நடந்து பார்த்துச் சொல்லுங்கள். ஹால், அடுப்படி, மோட்டார், மகள் அறை ஏ.சி. என்று தமிழில் உங்கள் கையெழுத்திலேயே எழுதிப் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள்.